இறக்கம்

கரடிப்போக்குச் சந்தி. இரும்புக்கடைக்கு மேல் எங்கள் அறை.
கீழே கம்பி அறுக்கிறார்கள்,
மேலே நான் எழுத்து அறுக்கிறேன்.

ஒரேயொரு வரி. நடுவில் மூச்சு விட இடமில்லை:
வவுனியா,ஓமந்தை,புளியங்குளம்,கனகராயன்குளம்,மாங்குளம்
என்று ஓடிக்கொண்டே போகும்.
கணினிக்கு இதெல்லாம் ஊர்களில்லை,
நீளமான ஒரு சொல்.
கால்புள்ளி கண்ட இடத்தில் வெட்டு என்று
நான் சொல்லும்வரை
கண்டி வீதி முழுக்க அதற்கு ஒரு மூட்டை.

கஜரூபன் பஸ் வரைகிறான்.
சிவப்பு. கதவு பாதி துருப்பிடித்தது.
விளையாடுகிறவர்தான் கொண்டக்டர்:
சில்லறை கொடுக்கவேண்டும், மணி அடிக்கவேண்டும்,
மிதிபலகையில் தொங்குகிறவனை
உள்ளுக்குப் போ என்று ஏசவேண்டும்.

சாரதிக்குத் தன் பெயரையே வைத்தான்: செ.கஜரூபன்.
புள்ளியால் வெட்டினால்
தகப்பன் ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் விழுவார்கள்
என்று நினைத்தேன்.
இந்த நிரல்மொழியில் புள்ளி என்றால்
எதுவென்றாலும் என்று பொருளாம்.
ஒவ்வொரு பைட்டையும் வெட்டுக்குறியாய் எடுத்து
வெட்டித் தள்ளிவிட்டது.
மிஞ்சிய வெறுந்துண்டுகளை எண்ணினேன், இருபத்தொன்பது.
புள்ளிக்கு முன்னால் ஒரு விழுக்காட்டுக் குறி வைத்தேன்,
அடங்கியது.
"என்ரை பேரை இப்பிடி ஒருத்தரும் துடைச்சதில்லை"
என்று சிரித்தான்.

இன்னொன்றும் கண்டேன்.
வெட்டிய குறி எந்தத் துண்டிலும் தங்காது.
முன்துண்டும் சொல்லாது, பின்துண்டும் சொல்லாது,
நடுவில் நின்றது எதுவென்று.
ஓமந்தையில் ஒருகாலம் எல்லாரும் இறங்கி நடந்தோம்.
பையைத் திறந்து காட்டி, பெயர் சொல்லி,
மறுபக்கம் வேறு பஸ் ஏறினோம்.
இப்போது அவ்விடத்தில்
சாரதி கியர்கூட மாற்றுவதில்லை.
விளையாட்டிலும் அதை நான் வைக்கவில்லை.
வைத்திருக்கலாமோ என்று சிலவேளை தோன்றும்,
பிறகு வேறு பிழை வந்துவிடும்.

வந்தது. தை மாதம், பரந்தன் பெடியன்கள் நாலுபேர்
விளையாடிப் பார்க்க வந்த அன்று.
"அக்கா, காட்டுக்குள்ளை நிண்டு முறிகண்டி எண்டு கத்திறான்."
"பிள்ளையாரடியிலை கிளிநொச்சியாம்."
கிளிநொச்சியில் பரந்தன்.
பரந்தனுக்கு வந்தபோது பெயர் தீர்ந்துபோய்
விளையாட்டு செத்தது.
பெடியன்களுக்குக் கோபம். நியாயம்தானே.

மூன்று மணித்தியாலம் தேடினேன்.
கரண்ட் ஒருக்கால் போய் வந்தது.
கொக்காவிலுக்குப் பின்னால்
அருகருகே இரண்டு கால்புள்ளிகள்.
நடுவில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை என் வெட்டு விழுங்கிவிட,
அதற்குப் பின்னாலிருந்த ஊரெல்லாம்
ஒரு இருக்கை முன்னுக்கு நகர்ந்திருக்கின்றன.

ஒரு கால்புள்ளியை அழிக்கப் போனேன்.
"அழியாதையும்" என்றான் கஜரூபன்.
"பிழையில்லை அது. தெரிஞ்சுதான் போட்டனான்.
அதிலை ஒரு பாலைமரம் நிக்குது. போர்ட் இல்லை.
அம்மா மாசத்திலை ஒருக்கா அதிலை இறங்கிறவ.
தம்பி, இறக்கம் எண்டுவா. பஸ் நிக்கும்."

"பாலையடி எண்டு போடன்."

"ஆரும் அப்பிடிச் சொல்லிறேல்லை."

எதற்காக இறங்குவா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவன் பஸ்ஸின் சில்லுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தான்.

திருத்தம் ஒரே எழுத்துத்தான்.
கூட்டல் குறியை எடுத்து நட்சத்திரம் வைத்தேன்:
ஏதாவது இருந்தால் எடு என்றிருந்தது
இல்லாவிட்டாலும் எடு என்றானது.

மறுபடி ஓட்டினோம். மாங்குளம். கொக்காவில்.
பிறகு காடு.
கொண்டக்டர் வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை.
பஸ் நிற்கிறது. கதவு திறக்கிறது.
நாலு விநாடி.
பெடியன்கள் அதைக் குறைக்கச் சொன்னார்கள்,
இன்னும் குறைக்கவில்லை.

டிக்கெட்டில் "வவுனியா முதல்" என்று விழுந்தது.
"வரை" என்பதற்கு முன்னால் வெள்ளைத் தாள்.
காசுக் கணக்கு மட்டும்
சதம் பிசகாமல் சரி.